தட்டட்டி வெக்கையும் தக்கைப் பலகையும்: கேள்வி பதில்

கட்டட வெப்பக்காப்பு வேலையில் இருப்பவன் என்பதால், தட்டட்டியில், அதாவது மொட்டைமாடியில், வெக்கையைத் தடுக்கப் பதிக்கும் கார்க் எனப்படும் தக்கைப் பலகை குறித்து நம் வட்டாரத்து நண்பர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

பாளையங்கோட்டையிலிருந்து ஓர் ஆசிரியை: வணக்கம் அண்ணாச்சி. தக்கைப் பலகையை மாடியில் பதித்தால் வீட்டுக்குள் வெக்கை குறையும் என்கிறார்கள். பாட்டில் மூடித் தக்கையும் இதுவும் ஒன்றுதானா? எப்படி வேலை செய்கிறது?

வணக்கம் அம்மா. மரம் ஒன்றுதான், தயாரிக்கும் முறை வேறு. மத்தியதரைக் கடலின் மேற்குப் பகுதியில் வளரும் ஒருவகை ஓக் மரத்தின் பட்டை இது. உலக உற்பத்தியில் ஏறத்தாழப் பாதி போர்ச்சுகல் நாட்டில் கிடைக்கிறது. மரத்தை வெட்டுவதில்லை; மரம் ஏறக்குறைய 25 வயதை எட்டிய பிறகு முதல்முறை பட்டை உரிப்பார்கள், அதன்பின் 9 ஆண்டுகளுக்கு ஒருமுறை உரிப்பார்கள். மூடி செய்ய உதவாத முதல் பட்டையையும் கிளைப் பட்டையையும் நொறுக்கி, அச்சில் அடைத்து, 300 டிகிரிக்கும் மேல் சூடேறிய நீராவியைச் செலுத்தும்போது, பட்டையில் இயல்பாகவே உள்ள சுபெரின் என்னும் மெழுகுத்தன்மையுள்ள பொருள் இளகித் துணுக்குகளை ஒன்றாகப் பிடித்துக்கொள்கிறது. தனியாகப் பசை எதுவும் சேர்ப்பதில்லை. கையில் எடுத்துப் பார்த்தால் கரும்பழுப்பு நிறமாக, லேசான கருகல் வாசனையோடு இருக்கும்; நகத்தால் அழுத்தினால் சற்றே அமுங்கி மீண்டுவிடும்.

1665இல் ராபர்ட் ஹூக் நுண்ணோக்கியில் பார்த்துச் 'செல்' என்று பெயரிட்டது இந்தத் தக்கையின் சீவலில் தெரிந்த அறைகளைத்தான். ஒரு கன சென்டிமீட்டரில் சுமார் 4 கோடி அறைகள் இருக்கின்றன. அவற்றுக்குள் அடைபட்ட காற்று நகர முடியாததால் வெப்பம் மெதுவாகத்தான் கடக்கிறது. தக்கைப் பலகையின் வெப்பக் கடத்துதிறன் ஏறத்தாழ 0.04, கான்கிரீட்டுக்கு 1.58 என்று கணக்கிடுகிறோம். 150 மில்லிமீட்டர் கான்கிரீட் தளம் மட்டும் இருந்தால், இருபுறமும் ஒரு டிகிரி வேறுபாட்டுக்குச் சதுர மீட்டருக்கு 3.3 வாட் வெப்பம் உள்ளே இறங்கும். அதன்மேல் 25 மில்லிமீட்டர் தக்கை வைத்தால் அது 1.1 ஆகவும், 50 மில்லிமீட்டர் வைத்தால் 0.64 ஆகவும் குறையும். குடியிருப்புகளுக்கான 'எக்கோ நிவாஸ் சம்ஹிதா 2018' விதி கூரைக்கு அனுமதிக்கும் உச்சவரம்பு 1.2. ஆகவே 25 மில்லிமீட்டர் விதியை ஒட்டி நிற்கும். நம் ஊர் வெயிலுக்கு நான் 50 மில்லிமீட்டரைத்தான் சொல்வேன்.

மேலப்பாளையம்: எத்தனை டிகிரி குறையும் என்று சொல்லுங்கள்.

அது சன்னல், மேற்குச் சுவர், அறையின் உயரம், ஆட்களின் எண்ணிக்கை ஆகியவற்றைப் பொறுத்தது. 50 மில்லிமீட்டர் தக்கை வைத்தால் கூரை வழியாக வரும் வெப்பம் ஐந்தில் ஒரு பங்காகும் என்பதை மட்டும் உறுதியாகச் சொல்லலாம்.

கல்லிடைக்குறிச்சியிலிருந்து ஒரு கட்டட மேஸ்திரி: தம்பி, நாற்பது வருடமாகச் சுண்ணாம்பும் செங்கல் ஜல்லியும் இடித்துப் போட்டு, மேலே தட்டோடு என்னும் தட்டை ஓட்டைப் பதிக்கிறோம். பழைய வீடெல்லாம் குளுகுளு என்றுதானே இருக்கிறது? கடல் கடந்து வரும் மரப்பட்டை எதற்கு?

மேஸ்திரி அண்ணாச்சி, உங்கள் வேலையை நான் மதிக்கிறேன். அந்தத் தளம் நீரை வழியவிடும், காலடியைத் தாங்கும். ஆனால் வெப்பத்தைத் தடுக்கும் அளவில் 100 மில்லிமீட்டர் சுண்ணாம்பு ஜல்லி ஏறத்தாழ 5 அல்லது 6 மில்லிமீட்டர் தக்கைக்குத்தான் சமம். எடையையும் பாருங்கள்: ஆயிரம் சதுர அடி மாடியில் அந்த ஜல்லித் தளம் 15 டன் ஏறும், 50 மில்லிமீட்டர் தக்கை அரை டன்தான். பழைய வீடுகள் குளிர்ச்சியாக இருந்ததற்கு உயர்ந்த மச்சு, தடித்த சுவர், முற்றம், தாழ்வாரம் எல்லாம் சேர்ந்த அமைப்பே காரணம். பத்தடி உயர கான்கிரீட் அறையின்மேல் ஜல்லியை மட்டும் போட்டுவிட்டு அந்தக் குளிர்ச்சியை எதிர்பார்க்க முடியாது.

சங்கரன்கோவில்: மேஸ்திரி சொல்வதில் நியாயம் உண்டு. தக்கை போட்டால் ராத்திரி உள்ளே இருக்கும் சூடு வெளியேறாமல் அடைபட்டுவிடாதா?

இந்த விவாதத்தில் எனக்குப் பிடித்த கேள்வி இதுதான். வெற்றுத் தளம் பகலெல்லாம் வெயிலைக் குடித்து, மாலையில் அதைக் கீழ்நோக்கியும் உமிழ்கிறது; பத்து மணிக்குப் படுத்தால் முகத்தில் அனல் இறங்குவது அதனால்தான். தக்கை தளத்துக்கு மேலே இருந்தால் கான்கிரீட் அந்தச் சூட்டைக் குடிப்பதே குறைந்துவிடும். ஆனால் நீங்கள் சொல்லும் குறையும் உண்மை: மேற்குச் சுவரும் அடுப்பும் தந்த சூடு கூரை வழியாக வெளியேறாது. அதற்கு இரவில் சன்னல்களை எதிரெதிரே திறந்து வைக்கவேண்டும். ஏசி இல்லாத, மின்விசிறி மட்டும் உள்ள வீட்டில் முதல் செலவு வெள்ளைச் சுண்ணாம்போ வெள்ளைப் பூச்சோதான். சித்திரை நண்பகலில் சாம்பல் நிறத் தளம் 60 டிகிரியைத் தாண்டும். வெள்ளைத் தளம் வெயிலின் பெரும்பங்கைத் திருப்பி அனுப்பிவிடும். தக்கை வெப்பத்தைத் தாமதப்படுத்தும், குறைக்கும், குளிர்ச்சியை உண்டாக்காது. ஏசி ஓடும் வீட்டில்தான் அதன் பலன் மின்கட்டணத்தில் நேராகத் தெரியும்.

கல்லிடைக்குறிச்சி மேஸ்திரி, மறுபடியும்: அப்படியானால் என் தட்டோட்டைப் பெயர்த்து எறியச் சொல்கிறீர்களா?

இல்லை, அண்ணாச்சி. புது வீடானால் உங்கள் தட்டோடு தக்கைக்கு மேலே வரட்டும் என்கிறேன். வாட்டம் கொடுத்து நன்றாக உலர்ந்த தளம், அதன்மேல் தக்கை, அதன்மேல் நீர்த்தடுப்புப் படலம், அதன்மேல் காரைப்படுகை, உச்சியில் வெள்ளை ஓடு என்பது வரிசை. தக்கையை நீர்த்தடுப்புக்கு மேலே வைக்கக் கூடாது. ஈரம் ஏறிய தக்கை காப்பு அல்ல. பலகைகளைச் செங்கல் போல இணைப்பு மாற்றி மாற்றி அடுக்கி, இடுக்கில் விரல்நகம்கூட நுழையாதபடி நெருக்கவேண்டும். படலம் ஒட்டியதும் மாடியில் இரண்டு நாள் நீர் கட்டிப் பார்த்த பிறகே காரை போடவேண்டும். இந்தச் சோதனையை விட்டுவிட்டு என்னிடம் வராதீர்கள்.

தென்காசி: இங்கே சாரல் காலத்தில் வேலை செய்யலாமா?

கூடாது. ஆனி, ஆடியில் உங்களுக்குச் சாரல். ஐப்பசி, கார்த்திகையில் எல்லோருக்கும் மழை. மாசி, பங்குனியில் செய்யுங்கள். ஈரத் தளத்தின்மேல் தக்கை பதிப்பது பணத்தை வீணாக்கும்.

வள்ளியூர்: தெர்மாக்கோல் மலிவாயிற்றே?

மலிவுதான், வெப்பத்தடையும் ஏறக்குறைய சமம். ஆனால் சூடான தார்ப்படலம் ஒட்டும்போது தெர்மாக்கோல் உருகிச் சுருங்கும், தக்கை தாங்கும். தீயில் தக்கையும் எரியும். ஆனால் உருகிச் சொட்டாமல் கரியாகும். சமையலறைக்குள் இரண்டையுமே வெறுமனே விடக் கூடாது.

திசையன்விளை: கரையான் தின்னுமா?

அதற்குத் தக்கை விருப்ப உணவு அல்ல. ஆனால் துளைத்து வழி அமைத்துக்கொள்ளும். தரைமட்டச் சுவரில் கரையான் தடுப்பு கட்டாயம்.

அம்பாசமுத்திரம்: எத்தனை டிகிரி குறையும்?

மேலப்பாளையத்துக்குச் சொன்ன பதிலைப் படியுங்கள்.

நாங்குநேரி: ஸ்டேஷனரிக் கடையில் அறிவிப்புப் பலகைக்கு விற்கும் தக்கை ஷீட்டை உள்கூரையில் ஒட்டினால் போதாதா? செலவு குறையுமே.

போதாது. அது சில மில்லிமீட்டர் கனம், பசை கலந்து அழுத்தியது. அடியில் ஒட்டினால் மேலே கான்கிரீட் முழுவதும் வெந்துகொண்டேதான் இருக்கும். இதே கேள்வி ஏழெட்டுப் பேரிடமிருந்து வந்திருக்கிறது. எல்லோருக்கும் பதில் இதுதான்.

திருநெல்வேலி டவுன்: ஈசானிய மூலையில் பதிக்கலாமா?

வாஸ்து என் துறை அல்ல. மாடி முழுவதும் பதிக்கவேண்டும். ஒரு மூலையை விட்டால் அங்கே வெப்பம் இறங்கும்.

களக்காடு: விலைப்புள்ளி வாங்கும்போது என்ன கேட்கவேண்டும்?

கனம், கன மீட்டருக்கு எடை, கடத்துதிறன் ஆகிய மூன்றையும் எழுத்தில் கேளுங்கள். எடை 100 முதல் 120 கிலோவுக்குள் இருக்கவேண்டும். வெட்டிய துண்டு ஒன்றைக் கேட்டு வாங்கி, அது கரும்பழுப்பாக இருக்கிறதா என்று பாருங்கள். வெளிர்நிறமாகவும் பளபளப்பாகவும் இருந்தால் அது பசை கலந்த வேறு சரக்கு, திருப்பி அனுப்பிவிடுங்கள்.