கைவிட்டார், கைவிட்டீர்

அன்புள்ள ஐயா,

திருமங்கலத்திலிருந்து எழுதுகிறேன். பெயர் போட வேண்டாம்.

அம்மா இறந்து மூன்று மாதம் ஆகிறது. கணையத்தில் புற்றுநோய். மதுரையில் பார்த்தோம். இனிமேல் செய்ய ஒன்றுமில்லை என்று சொன்னதும் வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டோம். நாற்பது வருஷமாக விடியற்காலை நாலரை மணிக்கு எழுந்து வேதம் வாசித்தவர் அம்மா. சாவதற்கு இரண்டு நாள் முன்னால், நடு ராத்திரியில், மேலே சுற்றும் ஃபேனைப் பார்த்துக்கொண்டே "ஏன் ஆண்டவரே என்னைய விட்டுட்டீரு, ஏன் விட்டுட்டீரு" என்று சொல்ல ஆரம்பித்தார். நான் பயந்துபோய், "அப்படியெல்லாம் சொல்லக்கூடாதும்மா" என்று அடக்கினேன். அம்மா வாயை மூடிக்கொண்டார். அதற்கப்புறம் அவர் எதுவுமே பேசவில்லை.

பக்கத்தில் பெரியம்மா இருந்தார். "கடைசியில விசுவாசத்த விட்டுட்டாளே" என்று இப்போதும் சொல்லிக்கொண்டிருக்கிறார். கல்லறைக் கல்லில் "விசுவாசத்தைக் காத்துக்கொண்டேன்" என்ற வசனத்தை வெட்ட வேண்டும் என்பது அப்பாவின் ஆசை. பெரியம்மா, "அந்த வசனம் அவளுக்குப் பொருந்துமா?" என்று கேட்டுவிட்டார். அப்பா எழுந்து போய்விட்டார். கல் வேலை அப்படியே நிற்கிறது.

பெரிய வெள்ளியன்று மும்மணி ஆராதனையில், இயேசு சிலுவையில் சொன்ன நாலாம் வார்த்தையான "என் தேவனே! என் தேவனே! ஏன் என்னைக் கைவிட்டீர்" என்பதைப் பிரசங்கித்தவர், "பிதா பாவத்தைப் பார்க்க மாட்டாதவர், மகன் மேல் பாவம் ஏறியதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார், அதனால்தான் இயேசு அப்படிக் கதறினார்" என்றார். சொந்த மகனிடமிருந்தே முகத்தைத் திருப்பிக்கொண்டவர் என் அம்மாவை மட்டும் பார்த்திருப்பாரா? எல்லாம் அறிந்த இயேசு ஏன் அப்படிக் கேட்டார்? எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஒரு வாசகி

*

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று நாளாகத் திரும்பத் திரும்ப வாசித்தேன். கடைசி வரியில் நீங்கள் கேட்டிருக்கும் கேள்வி பெரியது. ஆனால் நடுவில், அம்மா சொன்னதை அப்படியே எழுதியிருக்கிறீர்களே, என் மனம் அதைவிட்டு நகரவில்லை. அதற்கு வருகிறேன். முதலில் என் அப்பாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

அப்பா உசிலம்பட்டிக்கு மேற்கே ஒரு கிராமத்துச் சபையில் உபதேசியாராக இருந்தார். சீமை ஓடு வேய்ந்த சின்னக் கோயில். பெரிய வெள்ளியன்று பன்னிரண்டிலிருந்து மூன்று மணி வரை, சிலுவையில் இயேசு சொன்ன ஏழு வார்த்தைகளையும் ஏழு பேருக்குப் பிரித்துக் கொடுப்பார்கள். "இன்றைக்கு நீ என்னுடனேகூடப் பரதீசிலிருப்பாய்" என்பதற்குப் போட்டி இருக்கும். "முடிந்தது" என்பதைப் போதகரே எடுத்துக்கொள்வார். நாலாவதை யாரும் கேட்டு வாங்கி நான் பார்த்ததில்லை. வருஷா வருஷம் அது அப்பாவிடம்தான் வரும்.

நான் ஆறாம் வகுப்பு படித்த வருஷம், பொங்கல் கழிந்த கொஞ்ச நாளில், என் தங்கை மூளைக்காய்ச்சலில் இறந்தாள். நாலு வயசு. அதிலிருந்து அம்மா கோயிலுக்குள் வரவில்லை. வாசல் வேப்பமரத்தடி வரைக்கும் வருவார், உள்ளே வரமாட்டார். அந்தப் பெரிய வெள்ளியிலும் அங்கேதான் உட்கார்ந்திருந்தார்.

அப்பாவின் முறை வந்தது. எழுந்து நின்று, "ஏலீ! ஏலீ! லாமா சபக்தானி" என்று வாசித்தார். அதற்குமேல் அவருக்குப் பேச்சு வரவில்லை. கையில் குறிப்பெழுதிய தாள் இருந்தது, அதைப் பார்க்கவும் இல்லை. ஓலை விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. எவ்வளவு நேரம் அப்படி நின்றார் என்று தெரியாது, எனக்கு அவமானமாக இருந்தது என்பது மட்டும் ஞாபகம் இருக்கிறது. அப்புறம் அந்தத் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, பைபிளில் பக்கங்களைத் தள்ளி, 22ஆம் சங்கீதத்தை எடுத்து முதல் வசனத்திலிருந்து வாசித்தார். "என் பெலன் ஓட்டைப்போல் காய்ந்தது, என் நாவு மேல்வாயோடே ஒட்டிக்கொண்டது" என்கிற இடத்தில் குரல் உடைந்து, மறுபடி அதே வரியை வாசித்தார். முடித்துவிட்டு ஒரு வார்த்தைகூட விளக்கம் சொல்லாமல் வந்து பாயில் உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்தபோது திரும்பிப் பார்த்தேன். அம்மா உள்ளே வந்து, பெண்கள் பக்கம், கடைசி வரிசையில் இருந்தார்.

ஏன் வந்தார் என்று அம்மாவிடம் நான் கேட்டதே இல்லை. ஆனால் இந்த நாலாம் வார்த்தையைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

உங்கள் கேள்விக்கு வருவோம்.

இயேசு அந்த வார்த்தையைப் புதிதாக உண்டாக்கவில்லை. அது 22ஆம் சங்கீதத்தின் முதல் வரி. உடையைச் சீட்டுப்போட்டுப் பங்கிடுகிறதும், பார்க்கிறவர்கள் தலையைத் துலுக்கிப் பரியாசம் பண்ணுகிறதும் அந்தச் சங்கீதத்திலேயே இருக்கிறது. அதனால் சிலர், "அவர் சங்கீதத்தைத்தான் ஜெபித்துக்கொண்டிருந்தார், அது ஜெயத்தில் முடிகிற பாட்டு, கைவிடப்பட்டதாக அவர் உண்மையில் நினைக்கவில்லை" என்பார்கள். எனக்கு இது பாதிதான் சரி என்று படுகிறது. ஆணி அடித்த கையோடு, மூச்சு வாங்க உடம்பைத் தூக்கித் தூக்கித் தொங்குகிற ஒருவர், சுற்றி நிற்பவர்களுக்கு மேற்கோள் காட்டிக்கொண்டிருக்க மாட்டார். சங்கீதம் எபிரெயு மொழியில் உள்ளது. அதில் இருக்கும் சொல் 'அசப்தானி'. அவர் வாயில் வந்ததோ 'சபக்தானி', அரமேயு, அவர் வீட்டில் பேசி வளர்ந்த பேச்சு. மனப்பாடமாக இருந்த வசனம் வலியில் வீட்டுப் பேச்சாக மாறி வெளியே வந்திருக்கிறது. மாற்குவும் மத்தேயுவும் கிரேக்கத்தில் எழுதினாலும் இந்த ஒரு வரியை அந்தப் பேச்சிலேயே காப்பாற்றி வைத்தார்கள். சிலுவையில் இயேசு சொன்னதாக அவர்கள் இருவரும் எழுதியிருப்பது இந்த ஒன்றை மட்டும்தான் என்பதையும் கவனியுங்கள். மற்ற ஆறும் லூக்காவிலும் யோவானிலும் இருப்பவை. தர்மசங்கடமான வரி என்று அவர்கள் இதை மறைத்திருக்கலாம். மறைக்கவில்லை.

ஆகவே, ஆமாம், அவர் உண்மையாகவே கைவிடப்பட்டவராக உணர்ந்தார். முந்தின ராத்திரி கெத்செமனேயில் "அப்பா பிதாவே" என்று கூப்பிட்டவர் அவர். அந்த 'அப்பா' என்ற அரமேயுச் சொல்லுக்கு நமக்கு மொழிபெயர்ப்பே தேவையில்லை. இந்தக் கதறலில் அந்த 'அப்பா'வைக் காணோம். "என் தேவனே" என்கிறார். ஒரு பிள்ளை தகப்பனை அப்பா என்று கூப்பிட முடியாமல் போகிற தூரம் எவ்வளவு என்று யோசித்துப் பாருங்கள். அவ்வளவு தூரம் அவர் போயிருந்தார்.

ஆனால் பிதா முகத்தைத் திருப்பிக்கொண்டார் என்று நாலு சுவிசேஷங்களில் எங்கேயும் எழுதவில்லை. உங்கள் பிரசங்கியார் ஆபகூக் 1:13ஐ மனதில் வைத்துச் சொல்லியிருப்பார். "தீமையைப் பார்க்கமாட்டாத சுத்தக்கண்ணனே" என்று அதில் வருகிறது, உண்மைதான். ஆனால் அந்த வசனத்தை முழுசாக வாசியுங்கள். அப்படிப்பட்ட நீர் துரோகிகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறது என்ன, துன்மார்க்கன் நீதிமானை விழுங்கும்போது மௌனமாயிருக்கிறது என்ன என்று ஆபகூக் கடவுளிடம் சண்டை பிடிக்கிற இடம் அது. கடவுளுடைய கண்ணுக்கு அவர் அங்கே இலக்கணம் எழுதவில்லை. பவுல், "பாவம் அறியாத அவரை நமக்காகப் பாவமாக்கினார்" என்று எழுதியதை நான் அப்படியே நம்புகிறேன். நம்முடைய பாரமெல்லாம் அவர் மேல் இருந்தது, அந்த இருட்டு அதனால் வந்தது. ஆனால் அதே பவுல், அதே அதிகாரத்தில், இரண்டு வசனம் முன்னால், தேவன் கிறிஸ்துவுக்குள் இருந்துதான் உலகத்தைத் தமக்கு ஒப்புரவாக்கினார் என்கிறார். முகத்தைத் திருப்பிக்கொண்டு தள்ளி நின்றவரைப் பற்றி அப்படி எழுத முடியாது.

22ஆம் சங்கீதத்தின் 24ஆம் வசனத்தை என் அப்பா வாசித்த மாதிரியே உங்களுக்கு எழுதுகிறேன்: "உபத்திரவப்பட்டவனுடைய உபத்திரவத்தை அவர் அற்பமாயெண்ணாமலும் அருவருக்காமலும், தம்முடைய முகத்தை அவனுக்கு மறைக்காமலுமிருந்து, தம்மை நோக்கி அவன் கூப்பிடுகையில் அவனைக் கேட்டருளினார்."

முகத்தை மறைக்காமலும். "ஏன் கைவிட்டீர்" என்று தொடங்குகிற அதே சங்கீதம் இது. இந்த 24ஆம் வசனம் முதல் வசனத்தைப் பொய்யாக்கிவிடவில்லை. கைவிடப்பட்டது போன்ற வேதனையும், மறைக்கப்படாத முகமும் ஒரே பாட்டில், ஒரே ஆள் வாயில் இருக்கின்றன. வேதனைப்படுகிறவனுக்கு அந்த நேரத்தில் அந்த முகம் தெரிவதில்லை, அவ்வளவுதான். இயேசுவுக்கும் தெரியவில்லை. மூன்று மணிக்கு அவர் கூப்பிட்டபோது வானத்திலிருந்து பதில் வந்ததாக யாரும் எழுதவில்லை. யோர்தானில் வந்தது, மலையில் வந்தது, இங்கே வரவில்லை. பக்கத்தில் நின்றவர்கள்கூட அவர் எலியாவைக் கூப்பிடுகிறார் என்று தப்பாகக் கேட்டுக்கொண்டு, காடியில் தோய்த்த கடற்பஞ்சை நீட்டினார்கள்.

சரி, இப்போது உங்கள் அம்மா.

உங்கள் பெரியம்மா சொன்னதையும் அம்மா சொன்னதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பெரியம்மா சொன்னது, "விட்டுட்டாளே". அம்மா சொன்னது, "விட்டுட்டீரு". நம் ஊரில் மாமனாரிடமோ வாத்தியாரிடமோ பேசினால் 'விட்டுட்டீங்க' என்போம். 'ஈர்' போட்டுப் பேசுவது ஜெபத்தில் மட்டும்தான். நாற்பது வருஷம் நாலரை மணிக்கு உட்கார்ந்து கற்றுக்கொண்ட 'ஈர்' அது. 'என்னைய' என்பது திருமங்கலத்துப் பேச்சு, 'விட்டுட்டீரு' என்பது பாதி வீடு, பாதி வேதம். கடவுள் இல்லை என்றோ கேட்கமாட்டார் என்றோ முடிவு செய்துவிட்ட ஆள் "ஆண்டவர் என்னைய விட்டுட்டாரு" என்று சுற்றியிருப்பவர்களிடம் சொல்லியிருப்பார். உங்கள் அம்மா உங்களிடம் பேசவில்லை, பெரியம்மாவிடமும் பேசவில்லை. ஃபேனைப் பார்த்துக்கொண்டு ஆண்டவரிடமே பேசிக்கொண்டிருந்தார்.

சபக்தானி என்ற சொல்லும் அப்படித்தான் அமைந்திருக்கிறது. அதைப் பிரித்தால் 'சபக்' விடுதல், 'தா' நீர், 'னி' என்னை. விட்டீர் என்னை. கடவுளையும் தன்னையும் ஒரே சொல்லுக்குள் வைத்துத்தான் அவர் கதறினார். அதைக் கேட்டபோது என் அம்மாவுக்கு, மரத்தடியில் உட்கார்ந்து தான் மனதுக்குள் சொல்லிக்கொண்டிருந்ததைக் கோயிலுக்குள்ளேயும் சொல்லலாம் என்று தோன்றியிருக்க வேண்டும். அவர் உள்ளே வந்ததை நான் அப்படித்தான் புரிந்துகொண்டிருக்கிறேன்.

இதைக் கேட்டு நம் ஊர்க்காரர்கள் ஆச்சரியப்படவே கூடாது. மேலூர்ப் பக்கம் திருவாதவூரில் பிறந்த மாணிக்கவாசகர், நீத்தல் விண்ணப்பத்தில் ஐம்பது பாட்டு பாடியிருக்கிறார். "விட்டிடுதி கண்டாய்", விட்டுவிடுவாயோ என்று பாட்டுக்குப் பாட்டு சிவனிடம் அழுகிறார். அவருடைய பக்தி குறைந்துபோய்விட்டது என்று எந்தச் சைவரும் சொன்னதில்லை. அதை ஓதி உருகுகிறார்கள். இரண்டு மதத்தையும் ஒன்றாக்குவதற்காக இதைச் சொல்லவில்லை. சாமியிடம் உரிமையோடு அழுவது நம் மண்ணுக்குப் புதிதில்லை, அதை விசுவாசக் குறைவு என்று சொல்ல நாம் எங்கேயிருந்து கற்றுக்கொண்டோம் என்று எனக்கு வருத்தம், அதனால் சொல்கிறேன்.

பெரியம்மாவிடம் சண்டைக்குப் போகாதீர்கள். அவரும் தங்கையைப் பறிகொடுத்திருக்கிறார், பயத்தில் பேசுகிறார். எபிரெயர் 5:7ஐ எடுத்து அவர் கையில் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். இயேசு "பலத்த சத்தத்தோடும் கண்ணீரோடும்" வேண்டிக்கொண்டார் என்று சொல்லிவிட்டு, அந்தக் கதறலுக்கு நிருபத்தை எழுதியவர் வைக்கிற பெயர் பயபக்தி. "தமக்கு உண்டான பயபக்தியினிமித்தம் கேட்கப்பட்டு" என்று எழுதியிருக்கிறார்.

நீங்கள் அம்மாவை அடக்கியதைப் பற்றி. நீங்கள் அதைக் கடிதத்தில் ஒரே வரியில் எழுதித் தாண்டிவிட்டீர்கள், ஆனால் தூக்கம் வராததற்கு அதுதான் காரணம் என்று நினைக்கிறேன். உங்கள் அம்மா அதற்கப்புறம் உங்களோடு பேசவில்லை. அந்த இரண்டு நாளும் அவர் யாரோடும் பேசவில்லை என்று நாம் எப்படிச் சொல்ல முடியும்? ராத்திரி இரண்டு மணிக்குப் படுக்கையை மாற்றி, வாயைத் துடைத்து, பக்கத்திலேயே இருந்தவர் நீங்கள். பயந்துபோன மகள் சொன்ன ஒரு வார்த்தையை அம்மா தப்பாக எடுத்திருக்கமாட்டார். இனிமேல் உங்களுக்கு அழுகை வரும்போது அவர் சொன்ன அதே வார்த்தையை, அவர் சொன்ன அதே ஆளிடம், சத்தமாகச் சொல்லுங்கள். யாராவது கேட்டால் கேட்கட்டும்.

கல் வேலை நிற்க வேண்டாம். அப்பா சொன்ன வசனத்தையே வெட்டச் சொல்லுங்கள். "விசுவாசத்தைக் காத்துக்கொண்டேன்." கல்லில் இடம் இருந்தால் கீழே சின்னதாக 'சங்கீதம் 22:24' என்று மட்டும் போடச் சொல்லுங்கள். கல்லறைத் திருநாளுக்கு வருகிறவர்கள் வீட்டுக்குப் போய் எடுத்து வாசித்துக்கொள்வார்கள்.

அன்புடன்.