மலையில் பிறக்கப்போகும் குழந்தைக்கு டயப்பரும் துணியும்: எதை, எவ்வளவு எடுத்து வைப்பது?

குன்னூரில் குடியிருக்கிறோம், டிசம்பர் முதல் வாரம் மனைவிக்குப் பிரசவத் தேதி, குழந்தைக்கு டயப்பர் மாற்ற என்னென்ன வாங்கி வைக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். சொந்த ஊர் சமவெளி, மலைக்குளிர் புதிது என்றும் எழுதியிருக்கிறீர்கள்.

நான் கோத்தகிரியில் இருக்கிறேன். மூத்தவன் நவம்பரில் பிறந்தான், சின்னவள் ஏப்ரலில். இரண்டு பேருக்கும் செய்த ஏற்பாட்டில் அவ்வளவு வித்தியாசம். கடையில் வாங்குகிற சாமான்களெல்லாம் அப்புறம்தான். மலையில் முதலில் பார்க்க வேண்டியது, துணி நன்றாகக் காய்ந்திருக்கிறதா, குழந்தையின் துணியை அவிழ்ப்பதற்கு முன்பே எல்லாம் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கிறதா என்பதைத்தான்.

மூத்தவனை வீட்டுக்குக் கொண்டுவந்து இரண்டாவது நாள். ராத்திரி மூன்று மணி இருக்கும். நனைத்துவிட்டு அழுகிறான். நான் துணியை அவிழ்த்துவிட்டேன். மாற்றுத் துணி அடுத்த அறையில், கொடியில் கிடக்கிறது. போய்த் தொட்டால் எல்லாமே சில்லென்று இருக்கின்றன. எது காய்ந்தது, எது ஈரம் என்று விரலுக்குத் தெரியவே இல்லை. ஒவ்வொன்றாகக் கன்னத்தில் வைத்துப் பார்த்து, ஒன்றை உருவிக்கொண்டு வருவதற்குள் இரண்டு மூன்று நிமிடம் போய்விட்டது. பாதம் நீலம் பாய்ந்து கிடந்தது. புறங்கையை வயிற்றில் வைத்தால் வயிறும் குளிர்ந்திருந்தது. அத்தை எழுந்து வந்தார். ஒரு வார்த்தை பேசாமல் குழந்தையை வாங்கி, தன் ஸ்வெட்டருக்குள் நெஞ்சோடு சேர்த்து வைத்துக்கொண்டார். கால் மணி நேரத்தில் சூடு திரும்பியது. மறுநாளிலிருந்து ராத்திரியில் நாலு துணியை மடித்துத் தன் போர்வைக்குள் வைத்துக்கொண்டுதான் அத்தை படுப்பார். நான் கை நீட்டினால் வெதுவெதுப்பாக ஒன்று வந்துவிடும். நான் கற்றுக்கொண்ட பெரிய பாடம் அந்தப் போர்வைதான்.

பிறந்த குழந்தைக்குக் கை கால் குளிர்ந்திருப்பது சாதாரணம். வயிறு, முதுகு குளிர்ந்தால்தான் கவலைப்பட வேண்டும். பிறந்த குழந்தை இருக்கும் அறை குறைந்தது 25 டிகிரி இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. நம் ஊர் டிசம்பர் ராத்திரியில் அறை தானாக அந்தச் சூட்டுக்கு வராது. அதனால் குழந்தையை முழுதாக அவிழ்க்காதீர்கள். மேலே சட்டை, ஸ்வெட்டர், தலையில் குல்லா, காலில் சாக்ஸ் எல்லாம் இருக்கட்டும். இடுப்புப் பகுதியை மட்டும் திறந்து, அரை நிமிடத்தில் மூடப் பாருங்கள்.

துணி எத்தனை வேண்டும் என்பதற்குக் கணக்கு இதுதான். முதல் மாதம் ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு தடவை மாற்ற வேண்டியிருக்கும். சமவெளியில் காலையில் துவைத்தது மதியம் காய்ந்துவிடும், பதினைந்து இருபது துணி போதும். குன்னூர், கோத்தகிரிப் பக்கம் ஐப்பசி கார்த்திகை மழையில் ஒரு துணி காய மூன்று நாள் ஆகும். அப்படியானால் குறைந்தது முப்பத்தாறு துணி வேண்டும், நாற்பதாக வைத்துக்கொள்ளுங்கள். இதற்குக் காசு செலவழிக்க வேண்டாம். அடித்துத் துவைத்து மெலிந்துபோன எட்டு முழ வெள்ளை வேட்டி ஒன்றைக் கிழித்தால் ஏறக்குறைய இரண்டடிச் சதுரமாகப் பன்னிரண்டு துண்டு வரும். அந்த மாதிரி மூன்று நாலு வேட்டி போதும். கரையைக் கிழித்து எடுத்துவிடுங்கள், அது தொடையில் உரசும். வெள்ளையாக இருந்தால் மலத்தின் நிறம், சிறுநீரின் நிறம் உடனே தெரியும், இதுவும் முக்கியம்.

காய்ந்ததா என்று கண்டுபிடிக்க இஸ்திரிப் பெட்டிதான் சரியான வழி. வைத்ததும் ஆவி வந்தால் ஈரம் இருக்கிறது என்று அர்த்தம். இரண்டு பக்கமும் ஆவி நிற்கும்வரை தேய்த்து, ஆறவைத்து மடியுங்கள்.

துணி காய வைப்பதற்காகவோ அறையைச் சூடாக்குவதற்காகவோ கரி அடுப்பை மட்டும் மூடிய அறைக்குள் வைக்காதீர்கள். புகை நின்று தணல் மட்டும் இருந்தாலும் கார்பன் மோனாக்சைடு வரும். வாசனையே இருக்காது, தூக்கத்திலேயே உயிர் போய்விடும். கூடையைக் கவிழ்த்துச் சாம்பிராணி போட்டுத் துணி காய வைப்பதைப் பெரியவர்கள் சொல்வார்கள். அந்தப் புகையும் குழந்தையின் நெஞ்சுக்கு ஆகாது.

இன்னொன்று, இதைச் சொல்லாமல் விட எனக்கு மனம் வராது. மலையில் கம்பளித் துணி வைக்கிற பெட்டியில் எல்லாரும் அந்துருண்டை போட்டு வைத்திருப்போம். குழந்தைத் துணி, போர்வை எதையும் அந்தப் பெட்டியில் வைக்காதீர்கள். ஜி6பிடி என்ற நொதி குறைவாக இருக்கிற குழந்தைகளுக்கு அந்த உருண்டையில் இருக்கிற நாப்தலினின் நெடியே ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைத்து, கடுமையான மஞ்சள் காமாலையில் கொண்டுபோய் விடும். நம் குழந்தைக்கு அந்தக் குறைபாடு இருக்கிறதா என்று வெறும் கண்ணால் பார்த்தால் தெரியாது. ஏற்கெனவே அந்தப் பெட்டியில் இருந்த துணிகளைத் துவைத்து, நெடி போகும்வரை வெயிலில் போடுங்கள். தைலமும் அப்படித்தான். துணி அலசுகிற தண்ணீரில் நாலு சொட்டு யூக்கலிப்டஸ் தைலம் விடச் சொல்வார்கள். கைக்குழந்தைக்கு அது மூச்சுத் திணறலை உண்டாக்கலாம், தோலும் எரியும். வெந்நீரும் லேசான சோப்பும் போதும், சோப்பு போக மட்டும் நன்றாக அலசுங்கள்.

டயப்பர் ராத்திரிக்கும், வெளியே போவதற்கும். நியூபார்ன் அளவில் ஒரு பாக்கெட் மட்டும் முதலில் வாங்குங்கள், குழந்தை சீக்கிரம் அடுத்த அளவுக்குப் போய்விடும். மழையில் மேட்டுப்பாளையம் சாலையில் மண் சரிந்தால் கடையில் சரக்கு வராமல் போகலாம், அதனால் கடைசி ஏழெட்டு இருக்கும்போதே அடுத்ததை வாங்கிவிடுங்கள். பேன்ட் மாதிரி மாட்டுவது வேண்டாம், பக்கவாட்டில் ஒட்டும் வகை வாங்குங்கள். அதில் குழந்தையின் காலை நுழைத்து எடுக்க வேண்டியதில்லை, சாக்ஸோடு அப்படியே மாற்றிவிடலாம். முன்பக்கத்தைத் தொப்புளுக்குக் கீழே மடித்தும் விடலாம். தொப்புள்கொடி காய்ந்து விழ ஒன்று இரண்டு வாரம் ஆகும், அதுவரை அதன்மேல் ஈரம் படக் கூடாது, எண்ணெய், மஞ்சள், பவுடர் எதுவும் வைக்கக் கூடாது. சுற்றிலும் சிவந்தாலோ, சீழ் வந்தாலோ, நாற்றம் அடித்தாலோ டாக்டரிடம் காட்டுங்கள்.

மற்றதையெல்லாம் ஒரு கூடையில் போட்டு வைத்துவிடுங்கள், கட்டில், நாற்காலி எங்கே மாற்றினாலும் தூக்கிக்கொண்டு போகலாம். பஞ்சுச் சுருள், சின்னக் கிண்ணம், ஃபிளாஸ்கில் வெதுவெதுப்பான தண்ணீர், தோல் சிவந்தால் தடவத் துத்தநாக ஆக்சைடு கிரீம், கரண்ட் போனால் பிடிக்க டார்ச், பழைய செய்தித்தாள். ரப்பர் ஷீட் மலையில் ஐஸ் மாதிரி இருக்கும், மேலே தடித்த துண்டு விரித்துத்தான் குழந்தையைப் போட வேண்டும். தேங்காய் எண்ணெய் இங்கே உறைந்தே கிடக்கும், அதனால் வாய் அகலமான டப்பாவில் வையுங்கள், ஒரு துளி வழித்து உள்ளங்கையில் தேய்த்தால் உருகிவிடும்.

அந்த எண்ணெய் முதல் இரண்டு நாளுக்கு ரொம்ப உதவும். முதலில் வருகிற காட்டுப்பீ கறுப்பும் பச்சையுமாகத் தார் மாதிரி ஒட்டிக்கொள்ளும். துடைத்துத் துடைத்துத் தோல் சிவந்துவிடும். முன்கூட்டியே பின்பக்கத்தில் லேசாக எண்ணெய் தடவியிருந்தால் ஒரே துடைப்பில் வந்துவிடும். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற பையில் இந்த டப்பாவை மறக்காதீர்கள். இருபத்துநாலு மணி நேரம் ஆகியும் காட்டுப்பீ போகாவிட்டால் டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

நனைந்த துணியை எண்ணுங்கள். முதல் நாள் ஒன்று, இரண்டாம் நாள் இரண்டு என்று ஏறி, ஐந்தாம் நாளுக்குப் பிறகு ஆறுக்குக் குறையாமல் இருக்க வேண்டும். அப்படியிருந்தால் பால் போதுகிறது என்று அர்த்தம். முதல் இரண்டு மூன்று நாள் செங்கல் பொடி மாதிரிக் கறை தெரிந்தால் பயப்பட வேண்டாம், அதற்குப் பிறகும் வந்தால் பால் போதவில்லையோ என்று பார்க்க வேண்டும். பெண் குழந்தைக்கு முதல் வாரம் ஒரு துளி ரத்தம் படலாம், தாயின் ஹார்மோனால் வருவது, தானே நின்றுவிடும். பெண் குழந்தையை எப்போதும் முன்னிருந்து பின்னாகத் துடைக்க வேண்டும்.

உங்கள் மனைவிக்கு அரசு மருத்துவமனையில் பிரசவம் என்றால் அங்கே கொடுக்கிற குழந்தைகள் நலப் பரிசுப் பெட்டகத்தில் துண்டு, சட்டை, சோப்பு, எண்ணெய் எல்லாம் இருக்கும், அதைப் பார்த்துவிட்டு மிச்சத்தை வாங்குங்கள்.

பயன்படுத்திய டயப்பரில் இருக்கிற மலத்தைக் கழிவறையில் தட்டிவிட்டு, உருட்டி ஒட்டி, செய்தித்தாளில் சுற்றி, தனியாக மூடி போட்ட வாளியில் வையுங்கள். சமையல் கழிவோடு சேர்க்கக் கூடாது. குப்பை எடுக்க வருகிறவர்களிடம் பொதிந்து தனியாகக் கொடுக்க வேண்டும். குப்பை வண்டி வரும் நேரத்துக்குத்தான் வெளியே எடுங்கள். முந்தின ராத்திரியே வாசலில் வைத்தால் நாயும் பன்றியும் கிளறிவிடும், கரடியும் வரும். காலையில் தேயிலைச் செடிகளில் டயப்பர் தொங்குவதை எங்கள் தெருவில் பார்த்திருக்கிறேன், கொழுந்து பறிக்க வருகிற பெண்கள்தான் அதைப் பொறுக்கி எடுத்தார்கள்.

மழை பிடித்துக்கொள்வதற்குள் இரண்டு நாள் நல்ல வெயில் கிடைத்தால், முதல் வேலையாக அந்த வேட்டிகளைக் கொதிக்கிற தண்ணீரில் போட்டுத் துவைத்துக் காயப்போடுங்கள். டயப்பரை அப்புறம் வாங்கிக்கொள்ளலாம்.