பெக்கோ பாதை: கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்

கண்டிக்கு மேலே ஹந்தானையில் தொடங்கி, பொகவந்தலாவை, ஹப்புத்தளை, எல்ல என்று மலையகத்தைச் சுற்றி நுவரெலியாவில் முடிகிறது பெக்கோ பாதை. வெள்ளைக்காரர் காலத்துத் தேயிலைத் தோட்ட வழிகளைக் கோர்த்த, இலங்கையின் நெடு நடைபாதை. 22 கட்டங்கள், 300 கிலோமீட்டருக்கு மேல். நான் கொட்டகலைப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவன். எங்களுக்கு இது வீட்டுப் பாதை.

கொழும்பிலிருந்து: இரண்டு நாள்தான் லீவு. எங்கே நடக்கலாம்?
ஹந்தானையிலிருந்து கலஹா, மறுநாள் கலஹாவிலிருந்து லூல்கந்துர. 1867இல் ஸ்கொட்லாந்துக்காரத் துரை ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை போட்ட இடம் அதுதான், ஏழாம் நம்பர் மலை. தோட்டத்தின் ஒரு துண்டைத்தான் மலை என்போம். அப்போது நாடெங்கும் கோப்பி. இரண்டு வருஷத்தில் இலைத்துரு நோய் வந்து கோப்பியைத் தின்ன ஆரம்பித்தது. தேயிலை தப்பியது. மேலே அவர் உட்கார்ந்ததாகச் சொல்லும் கல் இருக்கை இருக்கிறது. காலையிலேயே போய்விடுங்கள், பிறகு மூட்டம் மூடிவிடும்.

எந்த மாதம் நல்லது?
பாதை முழுக்க ஒரே வானம் இல்லை. நோர்வூட், பொகவந்தலாவைப் பக்கம் மே முதல் செப்டம்பர் வரை கொட்டும். அதே நாட்களில் ஹப்புத்தளை, எல்ல காய்ந்திருக்கும். மேற்குப் பக்கத்துக்கு ஜனவரி முதல் மார்ச். பெருமழைக்குப் பிறகு மண்சரிவு பற்றி ஊர்க்காரரிடம் கேட்காமல் இறங்க வேண்டாம்.

சைக்கிள் போகுமா?
தோட்ட றோட்டில் போகும். ஒற்றையடிப் பாதை வந்தால் சைக்கிள் உங்கள் தோளில் ஏறும்.

அட்டைக்கு உப்பு கொண்டு வரவா?
வேண்டாம். உப்புப் போட்டால் வயிற்றில் இருப்பதைக் காயத்துக்குள்ளேயே கக்கும். நகத்தால் வழித்து எடுங்கள். காற்சட்டையைக் காலுறைக்குள் விட்டு, காலுறையில் சோப்பைத் தேயுங்கள். சப்பாத்து நாடா ஓட்டைக்குள் நூல் கோர்ப்பது போல நுழையும் சாமான் அது.

பெக்கோ என்றால் என்ன?
சீனச் சொல், வெள்ளை ரோமம் என்று பொருள். தேயிலையின் இளம் மொட்டைக் கண்ணருகில் வைத்துப் பாருங்கள், பூனை முடி போலத் தெரியும்.

கொழுந்து எடுக்கும் அக்காமாருடன் படம் எடுக்கலாமா?
கேட்டுவிட்டு எடுங்கள். அவர்கள் நிற்கும் நேரமெல்லாம் கிலோ குறைகிறது, குறைந்தால் அரைப் பேர்தான் விழும், அதாவது அரை நாள் சம்பளம். என் அம்மாவை நிற்க வைத்துப் படம் எடுத்தவர்கள் ஒருவராவது கூடையைத் தொட்டுப் பார்த்ததில்லை. லயத்து, அதாவது தொழிலாளர் வரிசை வீட்டு, இஸ்தோப்புத் திண்ணையில் ஏறி நின்று படம் பிடிக்கவும் வேண்டாம், அது ஒருவர் வீடு.

அண்ணே, கோபப்படாதீர்கள். ஆட்கள் வந்தால்தானே தோட்டத்துக்குக் காசு?
எந்தத் தோட்டத்துக்கு, தம்பி? அறை எடுக்கும் காசு ஹோட்டலான துரை பங்களாவுக்குப் போகும். லயத்துக் கடையில் ரொட்டியும் பிளேன்டீயும் வாங்குங்கள், அது வீட்டுக்கு வரும்.

இருந்தாலும் பாதை வெள்ளைக்காரன் போட்டதுதானே?
அவன் கோடு போட்டான். வெட்டியது மண்வெட்டி பிடித்த கை. தமிழ்நாட்டிலிருந்து வந்து மன்னார்க் கரையில் இறங்கி மாத்தளை வரை காட்டு வழியே நடந்து வந்தவர்கள் அவர்கள். வழியிலேயே விழுந்தவர்களுக்குக் கல்லறையும் இல்லை. டெய்லருக்குக் கண்டியில் கல்லறை இருக்கிறது, போய்ப் பார்க்கலாம், நல்ல மனிதர் என்கிறார்கள். ஆனால் பாதையில் நடக்கும்போது இரண்டு பேரையும் நினையுங்கள். இதற்கு மேல் இந்த வாதத்தை வேறொரு நாள் வைத்துக்கொள்வோம்.

மோட்டார் சைக்கிள்?
வேண்டாம்.

எல்லப் பக்கத்து ஒன்பது வளைவுப் பாலத்தில் நடக்கலாமா?
1921இல் கட்டியது, இன்றும் ரயில் ஓடுகிறது. தண்டவாளத்தில் நின்று செல்ஃபி எடுப்பவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை.

அட்டை நிறைய இருக்குமாமே, அண்ணா?
மேலே பாருங்கள்.

அட்டைக்கு உப்பு...
சோப்பு, தங்கச்சி. சோப்பு.