பசுமைச் சான்றிதழ் வாங்கிய அலுவலகத்தில் கரண்ட் பில் ஏன் குறையவில்லை?

லாபியில் பிளாட்டினம் தகடு இருக்கிறது, பில் மட்டும் பக்கத்துக் கட்டடத்தைவிட அதிகம், எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள். சென்னை ஓஎம்ஆரில் அப்படி ஒரு தகடு மாட்டிய கட்டடத்தைச் சில வருடம் ஓட்டியவன் நான்.

புதுக் கட்டடத்துக்கான சான்றிதழ் பெரும்பாலும் வடிவமைப்பையும் கணினிக் கணக்கையும் பார்த்துத் தருவது. ஆள் குடிவந்த பிறகு நடப்பது அதில் வராது. மத்திய அரசின் எரிசக்திச் சிக்கன அமைப்பான பிஇஇ 2009-இல் கொண்டுவந்த அலுவலகக் கட்டட ஸ்டார் வேறு ரகம். வருடத்துக்கு எத்தனை யூனிட் எரிந்தது, சதுர மீட்டருக்கு எவ்வளவு என்பதுதான் கணக்கு. முதலில் அதைப் போட்டுப் பாருங்கள்.

அப்புறம் ஒருநாள் ராத்திரி இரண்டு மணிக்குக் கட்டடத்துக்குப் போங்கள். நான் போனபோது மூன்றாவது மாடி ஏஎச்யூ (குளிர்காற்றை மாடிக்கு ஊதும் இயந்திரம்) அறையில் ஃபேன் மோட்டார் முழு வேகத்தில் இரைந்துகொண்டிருந்தது. மாடியில் ஒரு ஆள் இல்லை. விஎஃப்டி (மோட்டார் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் கருவி) திரையில் 50 ஹெர்ட்ஸ், மோடு ‘ஹேண்ட்’, அதாவது கையால் போட்டது. கட்டடத்தின் இயந்திரங்களைக் கட்டுப்படுத்தும் கணினியான பிஎம்எஸ் சாயந்திரம் ஏழு மணிக்கே நிறுத்தச் சொல்லியிருக்கிறது, ஹேண்டில் கிடக்கும் மோட்டார் அதைக் கேட்காது. ஷிஃப்ட் டெக்னீஷியனிடம் விசாரித்தேன். “கேபின்ல புழுங்குதுன்னு தினம் கம்ப்ளெயின்ட் சார். ஹேண்ட்ல போட்டோம், அப்புறம் ஃபோனே வரல.”

எட்டு மாதமாக அப்படியே! அந்தக் கேபின் பிறகு கட்டிய கண்ணாடி அறை. உள்ளே போன காற்று திரும்பி வர வழியே விடவில்லை. ஃபால்ஸ் சீலிங்கில் ஒரு ரிட்டர்ன் கிரில் வைத்தோம், புழுக்கம் போனது. ஆட்டோவுக்கு மாற்றியதும் மோட்டார் 40 ஹெர்ட்ஸில் ஓடியது. ஃபேன் வேகம் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தால் மின்சாரம் ஏறக்குறைய பாதியாகிவிடும்.

அடுத்தது சில்லர், ஏசிக்கான தண்ணீரைக் குளிரவைக்கும் இயந்திரம். லாரித் தண்ணீர் ஊற்றும் ஊரில் அதன் சூட்டை வெளியேற்றும் கன்டென்சர் குழாயில் உப்புப் படியாமல் இருக்காது. அப்ரோச், அதாவது கன்டென்சரில் குளிர்பதன வாயுவுக்கும் வெளியேறும் தண்ணீருக்கும் உள்ள வெப்ப வித்தியாசம், எவ்வளவு என்று கேளுங்கள். சுத்தமான குழாயில் ஒன்றிரண்டு டிகிரிதான் இருக்கும். நாலைத் தாண்டினால் பிரஷ் போட வேண்டும். லாக் ஷீட்டை நம்பி உட்காராதீர்கள். எங்களுடையதில் 24 மணி நேரமும் ஒரே எண், ஒரே கையெழுத்து.

எல்இடி, சோலார் எல்லாம் ஏற்கெனவே போட்டிருப்பார்கள், விடுங்கள்.

சில்லர் தண்ணீரை 7 டிகிரியிலிருந்து 9-க்கு ஏற்றச் சொல்லி கன்சல்டன்ட் யோசனை தருவார். டிகிரிக்கு இரண்டு மூன்று சதவீதம் சில்லர் மின்சாரம் மிச்சமாகும், நல்ல யோசனைதான். தை மாதத்தில் தாராளமாகச் செய்யலாம். ஐப்பசி மழையில் செய்தால் காற்றிலுள்ள ஈரத்தை ஏஎச்யூவின் குளிர்குழாய்ச் சுருள் எடுக்காது, பிரின்டர் காகிதம்கூட நமுத்துப்போகும். கம்ப்ளெயின்ட் வரும். யாராவது போய் மறுபடியும் ஹேண்டில் போடுவார்கள்.