சேஃப் மோடில் என்ன பார்க்க வேண்டும்?

கேள்வி: என்னுடையது விண்டோஸ் 11 லேப்டாப். போன வாரம் கிராஃபிக்ஸ் டிரைவரை அப்டேட் செய்தேன். அதிலிருந்து, ஆன் செய்த பத்தே நிமிடத்தில் ஹேங் ஆகிவிடுகிறது. சேஃப் மோடில் போட்டுப் பார்க்கச் சொல்கிறார் நண்பர். எப்படிப் போவது, போய் என்ன செய்வது?

பதில்: இரண்டாவது கேள்விதான் முக்கியம். சேஃப் மோடு தானாக எதையும் பழுது பார்க்காது. விண்டோஸ் ஓடுவதற்குக் கட்டாயம் வேண்டிய டிரைவர்களையும் (பாகங்களை இயக்கும் மென்பொருள்கள்) சர்வீஸ்களையும் (பின்னணியில் ஓடும் புரோகிராம்கள்) மட்டும் ஏற்றிக்கொண்டு, நாம் பிறகு சேர்த்ததில் பெரும்பாலானவற்றை ஒதுக்கி வைக்கும். கோளாறு எந்தப் பக்கம் என்று பிரித்துப் பார்க்க அது போதும்.

லாகின் திரையில் பவர் ஐகானைத் திறந்து, ஷிஃப்ட் கீயை அழுத்தியபடியே ரீஸ்டார்ட் கொடுங்கள். நீலத் திரையில் ட்ரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ், ரீஸ்டார்ட் என்று போனால் ஒரு பட்டியல் வரும். 4-ஐ அழுத்துங்கள், இன்டர்நெட்டும் வேண்டுமென்றால் 5. டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கரைப் போட்டிருந்தால் இடையில் 48 இலக்க ரெகவரி கீயைக் கேட்கலாம். அது கையில் இருக்கிறதா என்று பார்க்காமல் தயவுசெய்து தொடங்காதீர்கள்.

உள்ளே போனதும் பின்னணி கறுப்பாகவும், ஐகான்கள் பெருத்தும், நான்கு மூலைகளிலும் ‘சேஃப் மோடு’ என்ற எழுத்தோடும் திரை தெரியும். உங்கள் கிராஃபிக்ஸ் டிரைவர் ஏறாததால் வந்த தோற்றம் அது, பயம் வேண்டாம். இனி பொறுமைதான் தேவை. பத்து நிமிடத்தில் ஹேங் ஆகும் கம்ப்யூட்டரை ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு முடிவு சொல்ல முடியாது. ஃபோல்டர்களைத் திறந்து மூடி, ஃபைல்களைக் காப்பி செய்து, அரை மணி நேரமாவது ஓட்டுங்கள்.

ஹேங் ஆகவில்லையா? கம்ப்யூட்டரின் பாகங்களைப் பட்டியலிடும் டிவைஸ் மேனேஜரில் டிஸ்ப்ளே அடாப்டர்ஸைத் திறந்து, கார்டின் பெயரை டபுள் கிளிக் செய்து, டிரைவர் டேபில் ‘ரோல் பேக் டிரைவர்’ கொடுங்கள். அந்தப் பட்டன் மங்கியிருந்தால் பழைய டிரைவர் சேமிப்பில் இல்லை என்று பொருள். இருக்கும் டிரைவரை அன்இன்ஸ்டால் செய்துவிட்டு, லேப்டாப் தயாரிப்பாளரின் தளத்திலிருந்து முந்தைய பதிப்பைப் போடுங்கள்.

ஆனாலும் டிரைவர்மீது மட்டும் பழி போட்டுவிடாதீர்கள். ஆன்டிவைரஸ் போன்று கூடவே தொடங்கும் புரோகிராம்களும் சேஃப் மோடில் ஒதுங்கித்தான் இருந்தன. ரோல் பேக் செய்தும் தொல்லை தீராவிட்டால், விண்டோஸோடு எவை தொடங்க வேண்டும் என்று தேர்வு செய்யும் சிஸ்டம் கான்ஃபிகரேஷனில் (msconfig) மைக்ரோசாஃப்ட் சர்வீஸ்களை மறைத்துவிட்டு, மற்றவற்றில் பாதியை நிறுத்திப் பாருங்கள். பிறகு அடுத்த பாதி. அதே இடத்தில் ‘சேஃப் பூட்’ என்ற டிக் இருக்கும், அதை விட்டுவிடுங்கள். போட்டால், எடுக்கும்வரை ஒவ்வொரு முறையும் சேஃப் மோடிலேயே போய் நிற்கும்.

சேஃப் மோடிலும் ஹேங் ஆனால் ரேம், டிஸ்க், விண்டோஸ் ஃபைல்கள் ஆகியவற்றின் மீது சந்தேகம் திரும்ப வேண்டும். அப்போது சோதனைகளெல்லாம் பிறகு. முதலில் உங்கள் படங்களையும் ஆவணங்களையும் வெளி டிஸ்க்குக்கு மாற்றுங்கள்.