சேர்வர் ஸ்டக் ஆனால் முதலில் எழுத்தைப் பாருங்கள்

இம்முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே புலம்பல்தான்: சேர்வர் அசையவில்லை, ரீஸ்டார்ட் செய்யலாமா? எல்லாமே லினக்ஸ். அதில் ஓடும் ஒவ்வொரு ப்ரோசஸின் (ஓடும் நிரலின்) நிலையையும் டாப், பிஎஸ் போன்ற கட்டளைகள் ஓர் ஆங்கில எழுத்தால் காட்டும்; தலைப்பில் சொன்ன எழுத்து அதுதான். ஐந்தை எடுத்துக்கொள்கிறேன்.

லோட் அவரேஜ் 40ஐத் தாண்டிவிட்டது. ஆனால் சிபியு 90 வீதம் சும்மா இருக்கிறது. டாப் பொய் சொல்கிறதா? (கொட்டாஞ்சேனை வாசகர்)

இல்லை. லோட் அவரேஜ் என்பது ஓடுபவை, காத்திருப்பவை ஆகியவற்றின் சராசரி எண்ணிக்கை. லினக்ஸின் லோட் கணக்கு சிபியுவுக்காக நிற்பவர்களை மட்டும் எண்ணுவதில்லை. 1993 முதல் 'டி' (D) நிலையில் கிடப்பவையும் அதில் சேர்கின்றன. 'ஆர்' என்றால் ஓடுகிறது, அல்லது ஓடத் தன் முறைக்கு நிற்கிறது. 'எஸ்' தூங்குகிறது, தட்டினால் எழும்பும். 'டி'யும் தூக்கம்தான், ஆனால் தட்டினாலும் எழும்பாது. டிஸ்க்கிடமோ நெட்வேர்க்குக்கு அப்பாலுள்ள சேமிப்பிடமோ எதையோ கேட்டுவிட்டுப் பதில் வரும்வரை அப்படியே கிடக்கும். உங்கள் 40இல் பெரும்பகுதி அந்தக் கூட்டமாகத்தான் இருக்கும்.

பிஎஸ் கட்டளையில் நிலையோடு டபிள்யூசேன் நெடுவரிசையையும் கேளுங்கள். திரெட் (ப்ரோசஸுக்குள் ஓடும் ஒரு வேலை இழை) கேர்னலின் (லினக்ஸின் மையக் கரு) எந்தப் பங்ஷனில் படுத்திருக்கிறது என்பதை அது காட்டும். பெயரில் என்எஃப்எஸ் (நெட்வேர்க் வழியாகக் கோப்பு பகிரும் முறை) என்று தெரிந்தால் அந்தப் பக்கத்துச் சேமிப்புச் சேர்வரைப் போய்ப் பாருங்கள். நாற்பதும் ஒரே பெயரில் படுத்திருந்தால் உங்கள் வேலையில் பாதி முடிந்த மாதிரி. திரெட் வாரியாகக் காட்டச் சொல்லவும் மறக்க வேண்டாம். இல்லாவிட்டால் முதல் திரெட்டின் நிலை மட்டும்தான் தெரியும். அது பெரும்பாலும் சாதுவாக 'எஸ்' என்று நிற்கும், உள்ளே பத்து திரெட் மாட்டிக் கிடக்கும்.

ஒரு தடவை பார்த்து முடிவுகட்டவும் கூடாது. நல்ல சேர்வரிலும் 'டி' ஒரு கணம் தோன்றி மறையும். ஐந்து செக்கன் இடைவெளியில் மூன்று தடவை பார்த்தும் அதே திரெட் அதே இடத்தில் கிடந்தால்தான் விஷயம் இருக்கிறது. 120 செக்கனுக்கு மேல் கிடந்தால், பொதுவாகக் கேர்னலே தன் பதிவேட்டில் எழுதி வைத்திருக்கும்.

கில் மைனஸ் 9 கொடுத்தும் சாகவில்லையே? (வெள்ளவத்தை)

அதே 'டி'தான். நீங்கள் அனுப்பிய கட்டாயக் கொலைச் சிக்னல் வாசலில் காத்திருக்கிறது, திரெட் விழித்த பிறகுதான் அதை வாங்கும். 2.6.25 கேர்னலுக்குப் பிறகு சில காத்திருப்புகள் கில்லுக்கு மட்டும் இணங்கும், எல்லாம் இல்லை. மருந்து சேமிப்புப் பக்கத்தில் இருக்கிறது, கில்லில் இல்லை.

'இசட்' நிலையில் முந்நூறு ப்ரோசஸ். இவைதான் காரணமா? (தெஹிவளை)

அவை ஏற்கெனவே செத்தவை. மெமரியும் தின்னாது, சிபியுவும் தின்னாது. பெற்ற ப்ரோசஸ் வந்து கணக்கு முடிக்காததால் பட்டியலில் பெயர் மட்டும் மிச்சம். திருத்த வேண்டியது பெற்றதை.

ஜேஸ்டாக் எடுத்தால் 200 திரெட்டும் ரன்னபிள். சிபியுவோ 3 வீதம். எப்படி? (பம்பலப்பிட்டி)

இது எனக்குப் பிடித்த கேள்வி, ஏனென்றால் நானே இதில் ஏமாந்திருக்கிறேன். ஜேஸ்டாக் என்பது ஜாவா நிரலின் ஒவ்வொரு திரெட்டும் எங்கே நிற்கிறது என்று எழுதித் தரும் கருவி; அது எழுதித் தருவதுதான் டம்ப். ரன்னபிள் என்றால் ஓடக்கூடியது. ஜாவாவின் ரன்னபிளும் லினக்ஸின் 'ஆர்'உம் ஒன்றல்ல. சொக்கெட்டில் (நெட்வேர்க் இணைப்பில்) பதிலுக்காகத் தூங்கும் திரெட்டையும் ஜாவா ரன்னபிள் என்றே எழுதும். பிஎஸ்ஸில் பார்த்தால் அதே திரெட் 'எஸ்'. ஆகவே நிலையை விட்டுவிட்டு ஸ்டாக்கின் (எந்தப் பங்ஷன் எதை அழைத்தது என்ற பட்டியலின்) மேல் நாலு வரியைப் படியுங்கள். எல்லாவற்றிலும் சொக்கெட் ரீட் இருந்தால் டேட்டாபேஸோ வெளிச் சேவையோ பதில் தரவில்லை.

200 என்ற எண்ணே ஒரு துப்பு. நீங்கள் மாற்றாவிட்டால் டொம்கட் என்ற ஜாவா வலைச் சேர்வரின் திரெட் உச்சவரம்பு அதுதான். அதாவது எல்லாரும் மாட்டியாயிற்று, புதிதாக வருபவரைக் கவனிக்க ஆளில்லை. ஜாவா சொக்கெட்டில் ரீட் டைம்அவுட் போடாவிட்டால் காத்திருப்புக்கு முடிவே இல்லை, அதையும் பாருங்கள்.

இன்னொரு பொறி: ஜேஸ்டாக்கில் ப்ளொக்ட் என்று ஒன்றுமே இல்லை, ஆகவே லொக் (பூட்டு) பிரச்சினை இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். சிங்ரனைஸ்ட் லொக்குக்கு நிற்பது மட்டுமே ப்ளொக்ட். ஜாவாவின் இன்னொரு வகையான ரீஎன்ட்ரன்ட் லொக்குக்கு நிற்பது வெயிட்டிங் என்று வரும்.

கொள்ளுப்பிட்டியில் நான் வேலை செய்த ஓர் இடத்தில், சம்பள நாளன்று சேர்வர் இப்படி நின்றது. நான் பதறி ரீஸ்டார்ட் செய்தேன். எல்லாரும் தோளில் தட்டினார்கள். மூன்றாம் நாள் அதே கதை, கையில் ஒரு டம்பும் இல்லை. அன்றிலிருந்து பத்து செக்கன் இடைவெளியில் மூன்று டம்ப் எடுக்காமல் ரீஸ்டார்ட்டில் கை வைப்பதில்லை, மேலாளர் பின்னால் நின்று பெருமூச்சு விட்டாலும்.

எஸ்எஸ்எச் (தூரத்திலிருந்து சேர்வருக்குள் நுழையும் வழி) கூட உள்ளே விடவில்லை. நிலையை எப்படிப் பார்ப்பது? (மட்டக்குளி)

கொன்சோல் (சேர்வரோடு நேரடியாக இணைந்த திரையும் விசைப்பலகையும்) இருந்தால் வழி இருக்கிறது. ஆல்ட், சிஸ்ஆர்கியூ இரண்டையும் பிடித்துக்கொண்டு டபிள்யூ அழுத்தினால், 'டி'யில் கிடப்பவற்றின் ஸ்டாக் கேர்னல் பதிவேட்டில் கொட்டும். எல் அழுத்தினால் ஒவ்வொரு சிபியுவும் என்ன செய்துகொண்டிருக்கிறது என்று வரும். டி (இது T விசை) எல்லாத் திரெட்டையும் கொட்டும், பெரிய சேர்வரில் ஆயிரக்கணக்கான வரி, யோசித்து அழுத்துங்கள். இதற்கான அனுமதியைக் கேர்னல் அமைப்பில் இன்றே திறந்து வைக்க வேண்டும், ஸ்டக் ஆன பிறகு முடியாது. பி (B) விசைப் பக்கம் விரல் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். டிஸ்க்கில் எழுத வேண்டியதை எழுதாமலே அது மெஷினை உடனே ரீபூட் செய்துவிடும்.