நுவரெலியா பழைய வீட்டில் தரைக்கு அடியில் ஹீட்டர்: பதில்

தாத்தா காலத்து வீடு, சிமெந்துத் தரை, அம்மாவின் அறைக்கு மட்டும் தரைக்கு அடியில் ஹீட்டர் போடலாமா என்று கேட்டிருந்தீர்கள். போடலாம், ஆனால் முதலில் ஈரத்தைப் பாருங்கள். ஒரு பொலித்தீன் துண்டைத் தரையில் நாலு பக்கமும் டேப் ஒட்டி ஒரு நாள் விடுங்கள், அடியில் வியர்த்திருந்தால் ஈரத்தடுப்பு செய்யாமல் எதையும் பதிக்கவே வேண்டாம். சுடுதண்ணீர்க் குழாய் முறை புதிதாகக் கட்டுகிறவர்களுக்குத்தான் வசதி, உங்கள் வீட்டில் அதற்காகத் தரையை ஆழமாக உடைக்க வேண்டி வரும். ஒரு அறைக்கு மின்சாரப் பாய் (சூடாகும் வயர் பதித்த வலை) போதும், சில மில்லிமீற்றர் தடிப்புதான், டைல் ஒட்டும் கலவைக்குள் அடங்கிவிடும். அடியில் இன்சுலேஷன் பலகை கட்டாயம், இல்லாவிட்டால் சூடு மண்ணுக்குள் இறங்கிவிடும். சதுர மீற்றருக்கு 150 வாட் என்றால் 10 சதுர மீற்றருக்கு 1500 வாட், மணிக்கு ஒன்றரை யூனிட். அப்புறம், பழைய வயரிங்கில் கொடுக்காதீர்கள், தனி லைன் இழுத்து ட்ரிப் சுவிட்சும் போடச் சொல்லுங்கள், அம்மா வெறுங்காலோடு நடக்கிற தரை அது.